உன் இருக்கையில் ஒரு பெண்

கார்மோடி, ஒண்டாரியோ
9 அக்டோபர் 2018

அன்புள்ள அண்ணா,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய் என்று அண்ணி சொன்னார். கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்று எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்த பிறகு கிழி.

ஏப்ரலில் போட்ட சண்டையை மறுபடி தொடங்கப் போவதில்லை. இனி லூன்ஸ் ஹாக்கி அணிக்கு ஒரு காசும் தர மாட்டேன் என்று, புறக்கணித்தவர்களோடு சேர்ந்து நீ சீசன் இருக்கையைத் திருப்பிக் கொடுத்தாய். நான் கொடுக்கவில்லை. அதற்கு என்னைக் கருங்காலி என்றாய். காகித ஆலை வேலைநிறுத்தத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க வாசலில் நின்றவருடைய பிள்ளைகள் நாம். நம் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. நீ அதைச் சொல்லிவிட்டு அண்ணியைக் கூட்டிக்கொண்டு பனியே பெய்யாத ஊருக்குப் போய்விட்டாய். போகட்டும்.

எழுதுவதற்குக் காரணம் வேறு. சனிக்கிழமை சீசனின் முதல் ஆட்டம். அரங்கத்தின் பதினான்காம் பகுதியில் என் பக்கத்தில், உன் இருக்கையில், ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நம் வயதுதான் இருக்கும். பச்சை நிறக் கோட்டு. லூன்ஸ் சட்டை இல்லை, துண்டு இல்லை, தொப்பி இல்லை. ஆட்டத்தைப் பார்த்ததைவிட எங்களைத்தான் அதிகம் பார்த்தாள். ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் நாம் நான்கு கோல் பின்தங்கியதும் வழக்கம்போல நான் எழுந்து தொடங்கினேன். "மரே, மூட்டையக் கட்டு." மொத்தப் பகுதியும் பிடித்துக்கொண்டது. கண்ணாடி அறைக்குள் நம் மேனேஜர் மரே ஸ்டாக்டேல் கையைக் கட்டிக்கொண்டு மரம்போல நின்றார்.

நான் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "இதை முதல்ல ஆரம்பிச்சது யாருங்க?"

"நான்தான். போன வருஷம்."

"ஏன் அவரை மட்டும் திட்டறீங்க?"

"வேற யாரைத் திட்டறது? முதலாளி அரிசோனால உக்காந்திருக்கான். அங்க வரைக்கும் என் குரல் கேக்காது."

சிரித்தாள். யார் இவள்? தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஐலா

நனைமோ
22 அக்டோபர் 2018

ஐலா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி டார்லீனுக்கு இங்கே மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது. மழை ஓயவில்லை.

லூன்ஸைப் பற்றி எனக்கு எதுவும் எழுத வேண்டாம். எனக்கு அதில் அக்கறை இல்லை.

அந்தப் பெண் முதலாளி விட்டேக்கருடைய ஆள். இதில் என்ன சந்தேகம்? தன் கார் கழுவும் நிலையங்களுக்கும் இப்படித்தான் ஆள் அனுப்பி வேவு பார்ப்பானாம். யார் கத்துகிறார்கள், யார் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்திருக்கிறாள். நீயோ முதல் நாளே 'நான்தான் ஆரம்பித்தேன்' என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். உன் வாயை என்ன செய்வது?

நான்கு கோல் எப்படி விழுந்தது? தடுப்பு வரிசையில் யாரை நிறுத்தினார்கள்? கூரை இன்னும் நம் பகுதிக்கு மேலேதான் ஒழுகுகிறதா? சும்மா கேட்டேன்.

ரெய்னோ

கார்மோடி
12 நவம்பர் 2018

அன்புள்ள அக்கறை இல்லாத அண்ணா,

கூரை ஒழுகுகிறது. அரங்கத்தார் ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் இப்போது ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் கைதட்டுகிறார்கள். மற்றவற்றை நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அவள் பெயர் வெரா. வேவு பார்க்க வந்தவள் பட்டர் டார்ட் பலகாரம் சுட்டுக்கொண்டு வருவாளா? நான் பதிலுக்கு ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி கொண்டுபோனேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தவறாமல் வருகிறாள். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அண்ணா. எனக்கு ஒருவரும் இப்படிக் காது கொடுத்ததில்லை. டெஸ்ஸியேவை விற்ற கதையைக் கேட்டாள். நம் ஊரில் கோல் போடத் தெரிந்த ஒரே பையனை விற்றுவிட்டு, ஸ்கேட்டில் நிற்கவே தடுமாறுகிற இரண்டு தடுப்பாட்டக்காரர்களை வாங்கிய கதையை நான் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அதை முடிவு பண்ணது மேனேஜர்தானா? உறுதியாத் தெரியுமா?" என்றாள்.

"டிவில அவரே சொன்னாரே, 'இது என் முடிவு'ன்னு."

"சொன்னாரு, ஆமா" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பேச்சுவாக்கில் நான், "அந்த மனுஷனோட பொண்டாட்டி எப்படித்தான் அவரோட குடும்பம் நடத்தறாளோ, பாவம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் காப்பி கோட்டெல்லாம் சிந்திவிட்டது. அவ்வளவு பெரிய நகைச்சுவையாக எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகைக்காரியாக இருப்பாளோ? ஆனால் எதையும் குறித்துக்கொள்வதில்லை.

ஐலா

நனைமோ
27 நவம்பர் 2018

ஐலா,

பத்திரிகைக்காரி இல்லை. பத்திரிகைக்காரர்களுக்கு இலவச இருக்கை உண்டு, காப்பியும் உண்டு. என் இருக்கையைப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய தலைவிதி அவர்களுக்கு இல்லை. அந்த இருக்கையின் இடதுபக்கக் கைப்பிடி ஆடும். எச்சரித்து வை.

நம் பகுதிக் கூட்டாளி கெல்வின் ஓஜிக் எனக்கு எழுதினான். ஜனவரி பன்னிரண்டாம் தேதி ஆட்டத்தில், இரண்டாம் பகுதி தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து வெளிநடப்பு. அவன்தான் ஏற்பாடு. நீ முன்னால் நின்று நடந்தால் பதினான்காம் பகுதி முழுக்க உன் பின்னால் வரும் என்கிறான். பணம் கொடுத்து உள்ளே போய்விட்டாய். வெளியே வருவதையாவது ஒழுங்காகச் செய்.

போன வாரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் ஏதோ ஹாக்கி ஆட்டம் போட்டிருந்தார்கள். நான் மீன் வறுவல் சாப்பிடப் போயிருந்தேன். ஆட்டம் பார்க்கப் போகவில்லை. டெஸ்ஸியே புதிய அணிக்காக இரண்டு கோல் போட்டான்.

ரெய்னோ

கார்மோடி
15 ஜனவரி 2019

அன்புள்ள அண்ணா,

கெல்வின் உனக்கு எழுதியிருப்பான். நான் எழுந்து போகவில்லை என்று எழுதியிருப்பான். அது உண்மைதான். ஏன் என்பது அவனுக்குத் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் பகுதி ஆட்டத்துக்கு ரப்பர் பக்கைப் பனித்தரையில் போட்டார்கள். கெல்வின் விசில் அடித்தான். மூலைக்கு மூலை ஆட்கள் எழுந்தார்கள். அண்ணா, நீ பார்த்திருக்க வேண்டும். கத்தல் இல்லை, வசவு இல்லை. காலடிச் சத்தம் மட்டும்தான். பனித்தரையில் நின்ற பையன்கள்கூட ஆட்டத்தை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். வெரா அசையவில்லை.

"வாங்க, போகலாம். இன்னிக்குப் போறதுதான் பேச்சு" என்றேன்.

"நீங்க போங்க. நான் இருக்கணும்."

"ஏன்?"

அவள் கண்ணாடி அறையைக் கைகாட்டினாள். "அங்க நிக்கறது என் வீட்டுக்காரர்."

அக்டோபரிலிருந்து நான் அவளிடம் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. முட்டாள், கல்லுளிமங்கன், எலும்பில்லாதவன். அவள் பட்டர் டார்ட்டைத் தின்றுகொண்டே சொன்னேன்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க எங்கிட்ட நிஜத்தைப் பேசியிருப்பீங்களா?" என்றாள். "நான் சஸ்காச்சுவன்லேருந்து கோடையிலதான் இங்க வந்தேன். வந்து பாத்தா வீட்ல இவர் வாயே திறக்கறதில்ல. சாப்பாட்டு மேசைல தட்டையே பாத்துட்டு இருப்பாரு. கடைக்குப் போனா இவரைப் பத்தி ஒருத்தர் ஒண்ணு சொல்றாங்க, பேப்பர்ல ஒண்ணு போடறாங்க. அப்படி என்னதான் பண்ணாருன்னு நானே தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

"தெரிஞ்சுதா?"

"நீங்க சொன்னதுல பாதி சரின்னு படுது. மிச்சப் பாதி இன்னும் புரியல."

நான் உட்கார்ந்துவிட்டேன், அண்ணா. அவ்வளவு பெரிய அரங்கத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. நம் வரிசையில் நாங்கள் இருவர் மட்டும். ஸ்கேட் பனியைச் சீவும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. அத்தனை இருக்கைகளும் காலியானதால் மரே கண்ணுக்கு அவள் தப்பவில்லை. தன் மனைவி, தன்னைத் திட்டுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முகத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கோட்டும் டையுமாகப் படியிறங்கி வந்து எங்கள் வரிசை ஓரத்தில் நின்றார்.

"வெரா, வண்டிச் சாவி உங்கிட்டயா இருக்கு?" என்றார்.

"இருக்கு."

"சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஏறி மேலே போய்விட்டார்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னொரு முறை சொல்லாதே.

ஐலா

நனைமோ
28 ஜனவரி 2019

ஐலா,

மூன்று நாள் கோபமாக இருந்தேன். உன் கடிதத்தை டார்லீன் எடுத்துப் படித்துவிட்டு, "நீங்க அந்த இடத்துல இருந்திருந்தா போயிருப்பீங்களா?" என்று கேட்டாள். போயிருப்பேன் என்றேன். "பொய்" என்றாள்.

அதனால் அந்த வார்த்தையைச் சொல்லப் போவதில்லை. போன ஏப்ரலில் சொன்னதையும் சொல்லியிருக்கக் கூடாது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, இத்தோடு விடு.

ஆனால் அந்த மிச்சப் பாதி என்ன? பாதிக் கதையைச் சொல்லி என்னை இந்த மழையில் உட்கார வைத்திருக்கிறாய். டெஸ்ஸியேவை விற்கச் சொன்னது யார்? அவள் வீட்டுக்காரர் அவளிடம் இப்போதாவது பேசினாரா? கேள். தெரிந்தால் பத்திரிகைக்குக் கொடு. இல்லையென்றால் எனக்காவது எழுது.

ரெய்னோ

கார்மோடி
19 பிப்ரவரி 2019

அன்புள்ள அண்ணா,

நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அவளை வேவுகாரி ஆக்கியதுபோல இருக்கும். அடுத்த ஆட்டத்தில் நாம் மறுபடி பின்தங்கினோம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழவில்லை. கெல்வின் இரண்டு வரிசை தாண்டி வந்து, "என்னாச்சு ஐலா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் தானே தொடங்கிப் பார்த்தான். அவனுக்கு அந்த அளவுக்குக் குரல் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை வானொலியில் சொன்னார்கள், மரே ஸ்டாக்டேலை நீக்கியாயிற்று என்று. விட்டேக்கர் அரிசோனாவிலிருந்து இரண்டு வரி அறிக்கை விட்டிருந்தார். அன்று மாலை ஆட்டம். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள், அதே பச்சைக் கோட்டில். அரங்கம் திருவிழாவாக இருந்தது. ஆட்கள் நிஜமாகவே பயணப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆடினார்கள். கெல்வின் வரிசையாக எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவன், யாரென்று தெரியாமல் அவளையும் கட்டிப்பிடித்தான். "நாம ஜெயிச்சுட்டோம்மா" என்றான். அவள் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"எதுக்கு வந்தீங்க?" என்று அவள் காதில் கேட்டேன்.

"அவர் போனதும் டீம் நல்லா ஆடுதான்னு பாக்கணும். ஆடினா, தப்பு அவர்மேல. இல்லைன்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

ஆறுக்கு ஒன்று தோற்றோம். மூன்றாம் பகுதியில் பயணப்பெட்டிகள் இருக்கைக்கு அடியில் போய்விட்டன. பின்னால் ஒருவர், "இப்ப யாரைத் திட்டறது?" என்று கேட்டார்.

வாகனம் நிறுத்துமிடத்தில் அவளே சொன்னாள். வெளிநடப்பு நடந்த அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவர் முதன்முதலாக வாய் திறந்தாராம். டெஸ்ஸியேவை விற்கச் சொல்லி அரிசோனாவிலிருந்து போன் வந்தது. அவர் முடியாது என்றிருக்கிறார். விற்காவிட்டால் அணியையே வேறு ஊருக்கு விற்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார் விட்டேக்கர்.

"அப்புறம் ஏன் டிவில தன் முடிவுன்னு சொன்னீங்கன்னு கேட்டேன்" என்றாள் வெரா. "'அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்'னாரு. அந்த ரெண்டு தடுப்பாட்டக்காரங்களை வாங்கினது மட்டும் அவரேதானாம். 'அதுல அந்தம்மா சொன்னது சரி, முட்டாள்தனம்தான்'னாரு."

பத்திரிகைக்குச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அவர் வாய் மூடியிருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். நீயும் யாரிடமும் சொல்லாதே. முக்கியமாகக் கெல்வினிடம்.

புதிய மேனேஜர் விட்டேக்கரின் அக்கா மகன். இருபத்தெட்டு வயதாம்.

ஐலா

நனைமோ
4 மார்ச் 2019

ஐலா,

சொல்ல மாட்டேன்.

நேற்று முழுக்க யோசித்தேன். இரண்டு வருடம் நாம் தப்பான சன்னலைப் பார்த்துக் கத்தியிருக்கிறோம். அந்த ஆளைப் பாராட்டவும் முடியவில்லை. பொய் சொன்னார் இல்லையா? ஆனால் அணி ஊரை விட்டுப் போகாமல் இருக்கத்தான் சொன்னார் என்றால், அதை என்னவென்று சொல்வது?

கெல்வின் எழுதினான். கடைசி ஆட்டத்துக்கு விட்டேக்கரே நேரில் வந்து, பனித்தரையில் நின்று அக்கா மகனை அறிமுகப்படுத்தப் போகிறானாமே? இத்தனை வருடத்தில் அவன் கார்மோடிக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. உன் குரலை அன்றைக்குச் சேர்த்து வை. என்ன கத்தப் போகிறாய் என்று முன்கூட்டியே எழுது. அவன் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்.

ரெய்னோ

கார்மோடி
25 மார்ச் 2019

அன்புள்ள அண்ணா,

முன்கூட்டியே எழுத முடியவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. கெல்வின் நான்கைந்து கோஷம் எழுதிக்கொண்டு வந்தான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றில் 'கார் கழுவி' என்பதற்கு எதுகைகூட வைத்திருந்தான். "நீ எழுந்தா போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. புறக்கணித்தவர்களும் அன்று வந்திருந்தார்கள். சிவப்புக் கம்பளத்தை விரித்தார்கள். விட்டேக்கர் நடந்து வந்தார். முகம் எப்படி என்று கேட்டாயே. வெயிலில் நன்றாகக் காய்ந்த, சாதாரணமான, வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்த ஒரு கிழவர். அக்கா மகன் அவர் முழங்கையைப் பிடித்திருந்தான். இரண்டு வருடமாக என் கற்பனையில் இருந்த ஆளுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

மைக்கைப் பிடித்து, "கார்மோடி மக்களே, இது நம்ம எல்லாருக்கும் பெருமையான நாள்" என்றார். ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. நான் எழுந்தேன். வெரா என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள், இழுப்பதற்கா துணைக்கா என்று தெரியவில்லை.

கோஷம் எதுவும் வாயில் வரவில்லை, அண்ணா. இத்தனை மாதம் வெரா பக்கத்தில் உட்கார்ந்து அவள் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது. எனக்கு நிஜமாகவே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கேட்டுவிட்டேன்.

"விட்டேக்கர் சார், நம்ம டீம் ஆடி ஒரு ஆட்டத்தையாவது நீங்க முழுசாப் பாத்திருக்கீங்களா?"

அவருக்குக் கேட்கவில்லை. அக்கா மகனிடம் குனிந்து, "என்ன சொல்றாங்க?" என்றார். அது மைக்கில் கேட்டது. உடனே கெல்வின் அதே கேள்வியைத் திருப்பிச் சொன்னான். பதினான்காம் பகுதி சொன்னது. பிறகு எதிர்ப்பக்கம். அரங்கம் முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அடங்கியது.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லி முடித்திருக்கலாம். மைக்கில், "இல்லை" என்றார்.

நம் ஆட்கள் கூச்சல் போடுவார்கள் என்று நினைத்தேன். போடவில்லை. அவ்வளவு நேர்மையான பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை, அதற்கு எப்படிக் கத்துவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்ப இன்னிக்கு உக்காந்து பாருங்க" என்றேன். அதை நான் உரக்கக்கூடச் சொல்லவில்லை.

கம்பளத்தைச் சுருட்டினார்கள். அவர் மேலே கண்ணாடி அறைக்குப் போகாமல், கீழ் வரிசையில் ஒருவர் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார். நாம் நான்குக்கு மூன்று தோற்றோம். ஆனால் சண்டை போட்டுத் தோற்றோம். கடைசி நொடியில் பக் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நீ இருந்திருந்தால் தொப்பியை வீசியிருப்பாய்.

வெரா புதன்கிழமை புறப்படுகிறாள். மரேவுக்கு சஸ்காச்சுவனில் ஒரு கல்லூரி அணியில் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது. விடைபெறும்போது அவரும் வந்திருந்தார். என்னிடம் கை நீட்டி, "உங்க குரல் எங்க வீட்டுக் கூடம் வரைக்கும் கேக்கும்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "வேண்டாம்" என்றார். "பாதி சரிதானே."

ஐலா

நனைமோ
3 ஏப்ரல் 2019

ஐலா,

உன் கடிதத்தைத் துறைமுகத்து மதுக்கடையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு அங்கே இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினேன். ஒருவருக்கும் லூன்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. அப்படியும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அதை நீ எழுதாமல் விட்டிருக்கிறாய்.

விட்டேக்கர் கடைசிவரை இருந்தானா?

உடனே எழுது. அல்லது போன் செய், எடுக்கிறேன்.

ரெய்னோ

கார்மோடி
10 ஏப்ரல் 2019

அன்புள்ள அண்ணா,

போன் செய்திருப்பேன், ஆனால் இதை நீ அந்த மதுக்கடையில் படித்துக் காட்ட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இருந்தார். முதல் இடைவேளையில் அக்கா மகன் வந்து கூப்பிட்டான், போகவில்லை. இரண்டாம் இடைவேளையில் யாரோ காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தார். அணியை இந்த ஊரிலேயே யாராவது வாங்கத் தயார் என்றால் பேசலாம் என்று நேற்று வானொலியில் சொல்லியிருக்கிறார். வாங்குகிற அளவுக்கு வசதி யாரிடம் இருக்கிறது, அந்த ஆள் இவரைவிட மேலாக இருப்பாரா, எதுவும் தெரியவில்லை. ஊர் முழுக்க இப்போது அதே பேச்சு.

அவருக்கு இடம் விட்டு நகர்ந்தது யார் தெரியுமா? நம் கெல்வின். அவரைத் திட்ட அன்று கோஷம் எழுதிக்கொண்டு வந்தவன், மூன்று பகுதியும் அவர் தோளோடு தோள் உட்கார்ந்து, எதற்கு விசில், யாரைத் தண்டனையாக வெளியே உட்கார வைத்தார்கள் என்று விளக்கியிருக்கிறான். ஆட்டம் முடிந்ததும் விட்டேக்கர் எழுந்து, கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே, "இவங்க எப்பவுமே இப்படித்தான் தோப்பாங்களா?" என்று கேட்டாராம்.

"இல்ல சார்" என்றானாம் கெல்வின். "நீங்க வாங்கின பிறகுதான்."

ஐலா